சாட்சி வாய் மூடிய அரை நிமிடம்

கதவு மூடிய சத்தம் ரேடியோவுக்குக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பயந்திருப்பான்.

அந்த ஸ்டுடியோவின் கதவுகள் அப்படி. இரட்டைப் பலகை, நடுவில் பஞ்சு, ஓரமெல்லாம் ரப்பர். ஒலிப்பதிவு நடக்கிற இடத்தில் கதவு கிறீச்சென்றால் யாராவது ஒருவரின் வேலை போகும் என்பதால், கதவுகள் வாயை மூடிக்கொண்டே பழகிவிட்டிருந்தன. டீ சொல்லப் போன படத் தயாரிப்பாளரை வெகு நேரமாகக் காணவில்லையே என்று ரேடியோ எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தான். தள்ளிப் பார்த்தான். தோளால் ஓர் இடி இடித்தான். தோள்தான் வலித்தது.

"டீச்சர், நம்மள உள்ள வெச்சு அடைச்சிட்டாங்க" என்றான்.

டீச்சர் அவனுடைய முதலாளி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். பரீட்சையில் காப்பி அடிக்கிற பிள்ளையை அதன் முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார். அந்த வித்தைதான் இப்போது துப்பறியும் தொழிலில் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறது. அவர் படம் ஓடிய திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, பூட்டா தாழ்ப்பாளா என்று கேட்டார்.

"ரொம்ப முக்கியம் இப்ப."

"முக்கியம்தான். பூட்டுன்னா சாவி வெச்சிருக்கவன் வரணும். தாழ்ப்பாள்னா யார் வேணாலும் திறக்கலாம்."

உள்ளே வரும்போது வெளிப்பக்கம் கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புத் தாழ்ப்பாளைப் பார்த்த ஞாபகம் ரேடியோவுக்கு இருந்தது. பூட்டு தொங்கவில்லை. அதைச் சொன்னான். டீச்சர் 'நல்லது' என்று தலையாட்டிவிட்டு மறுபடி திரைக்குப் போய்விட்டார். என்ன நல்லதைக் கண்டாரோ.

ரேடியோ கத்திப் பார்த்தான். கத்துவது அவனுக்குப் புதிதல்ல. துப்பறிய வருவதற்கு முன்னால் சினிமாவில் கூட்டத்துக்குக் குரல் கொடுத்து வயிற்றைக் கழுவியவன். திரையில் ஜனங்கள் சிதறி ஓடும்போது 'ஓடுங்க ஓடுங்க' என்று கேட்குமே, அதில் பாதி அவன் குரல். ஒருநாள் கதாநாயகி இறந்துபோகிற கட்டத்தில் மைக் முன்னால் தும்மி வைத்தான், தொழில் அதோடு முடிந்தது. அந்தக் குரலைத்தான் இப்போது முழுசாக எடுத்துவிட்டான். ஆனால் சுவரிலும் கூரையிலும் ஒட்டியிருந்த கம்பளி அத்தனையையும் குடித்துவிட்டது. கத்தி முடித்தபோது கத்தியதாகவே தெரியவில்லை.

அடைத்த இடம் என்றால் ரேடியோவுக்கு ஆகாது. எத்தனை மாடியானாலும் படியேறித்தான் போவான், லிஃப்ட் பக்கமே போக மாட்டான். பயம் வந்தால் வாய் ஓயாது. பேரே அப்படி வந்ததுதான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கைப்பேசியும் கையில் இல்லை. வெளிவராத படம் ஓடுகிற அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் ரிசப்ஷன் பெண் இரண்டையும் வாங்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டாள். ஸ்டுடியோ வழக்கம்தான், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"காத்து தீந்துடும் டீச்சர்."

"மேல ஏ.சி. ஓடுது, பாரு. உன் பேச்சுக்கும் சேத்தே காத்து இருக்கு. உக்காரு."

உட்கார்ந்தான். சட்டைப் பையில் மாத்திரை அட்டை முறுமுறுத்தது. அதைத் தொட்டதும் கொஞ்சம் புத்தி வந்தது.

அந்த மாத்திரையைக் கொடுத்தது இந்தப் படத்து டைரக்டரின் அக்கா. மருந்துக்கடை வைத்திருப்பவர். காலையில் கடையைத் திறந்த கையோடு மூடிவிட்டு டீச்சரைத் தேடி வந்திருந்தார். தம்பியை இரண்டு நாளாகக் காணவில்லை. தம்பி எடுப்பது ஆவணப்படம். சின்ன வயதில் அக்காவும் தம்பியுமாக மொட்டை மாடியில் நின்று, நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு வெளிச்சம் அசையாமல் நிற்பதைப் பார்த்தார்களாம். பிறகு அது மேலே போய்விட்டதாம். அக்கா அதை அத்தோடு விட்டுவிட்டார். தம்பி விடவில்லை. வளர்ந்து ஆளாகி, அன்றைக்கு வானத்தில் நின்றது என்ன என்று ஒவ்வோர் அரசாங்க இலாகாவாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். பதில் வரும். வரிகள் மேல் கறுப்பு மை பூசி வரும். ஒரு பக்கத்தில் 'மற்றும்' என்கிற ஒரே ஒரு வார்த்தைதான் மைக்குத் தப்பியிருந்ததாம். பறக்கும் தட்டைப் பற்றி ஆரம்பித்த படம் கடைசியில் அந்தக் கறுப்பு மையைப் பற்றிய படமாகவே ஆகிவிட்டது.

மை மட்டும் இருந்தால் படம் ஓடாது, ஓர் ஆள் வேண்டும் என்று தயாரிப்பாளர் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரகசிய இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகம் காட்ட மாட்டார், இருட்டில்தான் உட்காருவார். டைரக்டர்கூட அவரைப் பார்க்கக் கூடாது, திரைக்குப் பின்னால் இருந்துதான் கேள்வி கேட்க வேண்டும். அவருக்குப் படக்குழு வைத்த பெயர் நிழல் சாட்சி. நிழல் சாட்சி வாயைத் திறந்தார், படத்துக்கு உயிர் வந்தது. இன்று சாயங்காலம் படத்தை வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரப் போகிறார்கள், முதல் காட்சி.

இந்த நேரத்தில்தான் தம்பி அக்காவைக் கூப்பிட்டு, "சாட்சி பொய்க்கா. என் காதாலயே கேட்டேன். படத்தை நிறுத்தப் போறேன்" என்று சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் ஆளும் இல்லை, போனும் இல்லை. அரசாங்கம்தான் தூக்கிவிட்டது என்று ஊரே பேசுகிறது. யார் தூக்கினாலும் தூக்கட்டும் என்றார் அக்கா. தம்பிக்கு வலிப்பு உண்டு. மாத்திரை ஒருநாள் தவறினாலே கை உதற ஆரம்பிக்கும், இரண்டு நாள் தவறினால் எங்கே விழுவான் என்று தெரியாது. மாத்திரை வீட்டிலேயே கிடக்கிறது. அட்டையை ரேடியோவின் கையில் வைத்து, விரலை மூடிவிட்டு, "எங்க பாத்தாலும் முதல்ல இதைக் குடுத்துடுங்க தம்பி. விசாரணையெல்லாம் அப்புறம்" என்றார். ரேடியோ அதற்கும் ஏதோ தமாஷ் சொல்ல வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் அவர்களை வாசல்வரை வந்து வரவேற்றார். உருண்டை முகம். வாய் நிறைய 'அம்மா', 'தம்பி'. கையில் புதினா மிட்டாய் டப்பா ஒன்றை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்று நீட்டினார், தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அந்த டப்பாவின் மூடி லொடலொடவென்று இருந்தது, முதல் தடவை மூடினால் நிற்காது. திறக்கும்போது டிக். மூடும்போது டக், டக். ஐயோ பாவம், படம் எடுக்கிறவரின் டப்பா இந்த லட்சணத்திலா என்று ரேடியோ மனதுக்குள் நினைத்துக்கொண்டான். டைரக்டரைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் கண்கூடக் கலங்கியது. சாட்சியின் பேட்டியைப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் கேட்டதும் தாராளமாக என்றார்.

எடிட்டிங் அறைக்கு எதிரே ஒரு டப்பிங் தியேட்டர். கதவுக்கு மேலே, ஒலிப்பதிவு நடக்கிறது என்று சொல்லும் சிகப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ரேடியோவின் பேச்சு நின்றது, கால் தானாக நுனிக்குப் போனது. பழைய தொழில் புத்தி. அந்த லைட் எரியும்போது கதவைத் திறக்கிறவனை ஸ்டுடியோ உலகம் மன்னிக்கவே மன்னிக்காது. கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி, உள்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஒரு மூலையில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் ஒரு வாய் தெரிந்தது. வாய் மட்டும். அது தொண்டை தெரியத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. சத்தம் துளி வெளியே வரவில்லை. எந்த நடிகரோ தெரியவில்லை, மனுஷன் உயிரைக் கொடுத்துப் பேசுகிறார். மைக்கை இப்படிக் கதவோரமாகவா வைப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. கூட்டத்துக்குக் கத்திய காலம் நெஞ்சில் பொங்க, ரேடியோ அந்த வாய்க்குக் கட்டைவிரலை உயர்த்தி 'பிரமாதம்' என்று காட்டிவிட்டு, முன்னால் போன இருவரின் பின்னால் பூனை நடை நடந்தான்.

தயாரிப்பாளர் இவர்களை எடிட்டிங் அறையில் உட்கார வைத்து, மேஜையில் ஏதோ அழுத்தினார், படம் ஓடியது. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார்.

இவ்வளவுதான் நடந்தது. அவர்தான் தாழ் போட்டார் என்று சொல்ல டீச்சர் தேவையில்லை. ஏன் போட்டார் என்பதுதான் கேள்வி.

"இவரும் கவர்மென்ட் ஆளா இருப்பாரோ டீச்சர்?"

"கவர்மென்ட் ஆளா இருந்தா உக்கார நாற்காலி குடுத்திருக்க மாட்டாங்க. படத்தைப் பாரு."

திரையில் நிழல் சாட்சி நாலாவது தடவையாகப் பேசிக்கொண்டிருந்தார். கறுப்பு உருவம், பின்னால் மங்கலாக ஒரு வெளிச்சம். வாயில் மாட்டிய கருவி வழியாகக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எதையோ தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் ஏற்றினார்களாம். சூடாக இருந்ததாம். பார்த்ததை மறந்துவிடச் சொன்னார்களாம். ரேடியோவுக்குச் சந்தேகம் வந்தது. அத்தனை கோடி மைல் பத்திரமாக வந்தவன் இந்த ஊர் லாரியில் ஏறும் நிலைமைக்கு ஏன் வருகிறான் என்று கேட்டான். டீச்சர் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சில் எங்கே பொய் இருக்கிறது என்று அவர் ஒவ்வொரு வாக்கியமாகத் தேடிக்கொண்டிருந்தார். தேதி இடிக்கவில்லை, இடம் இடிக்கவில்லை. கதை ரொம்பச் சுத்தமாக இருந்தது.

"காதால கேட்டேன்னு சொல்லியிருக்கான். அப்படி எதைக் கேட்டான்?" என்றார்.

ரேடியோ பேசினான். லிஃப்டைப் பற்றி, லாரியைப் பற்றி, நாலு கண்ணுள்ள விருந்தாளிகளைப் பற்றி. பேச்சு நின்றால் சுவர்கள் நகர்ந்து வந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. சுவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தான். யாரோ எப்போதோ குடித்து வைத்த டீ கிளாஸ்கள், அடியில் காய்ந்த வட்டம். அதையும் ஒரு வார்த்தை சொன்னான்.

கடைசியில் டீச்சர் திரும்பி உட்கார்ந்தார். "ரேடியோ, கோவிச்சுக்காத. அரை நிமிஷம். அரை நிமிஷம் எனக்காக வாயை மூடு."

திட்டியிருந்தால் பேசியிருப்பான். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? மூடினான்.

அப்போதுதான் அந்த அறை நிஜமாகவே அடைத்தது. கம்பளிச் சுவருக்குள் சத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. டீச்சரின் மூச்சு கேட்டது. திரையில் சாட்சியும் அடுத்த கேள்விக்காக நிறுத்தியிருந்தார். ஆனால் அங்கே அமைதி வேறு மாதிரி இருந்தது. எங்கேயோ ஒரு மின்விசிறி முனகியது, தெருவில் தூரமாக வண்டிகள்.

"நாம பேசாம இருந்தா இங்க ஒண்ணுமே கேக்கல. அவங்க பேசாம இருந்தா அங்க ஏதோ கேக்குதே, ஏன்?" என்றார் டீச்சர்.

இது ரேடியோவின் தொழில். அவனுக்குப் பழைய கர்வம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஒவ்வோர் இடத்தின் அமைதியும் ஒவ்வொரு மாதிரி என்று விளக்கினான். பேட்டியை வெட்டி ஒட்டும்போது நடுவில் ஓட்டை விழும். சும்மா விட்டால் காது பொத்திய மாதிரி இருக்கும். அதனால் பேட்டி முடிந்ததும் சவுண்ட்காரர் எல்லாரையும் அப்படியே உட்கார வைத்து, அரை நிமிடம் யாரும் பேசாதீர்கள் என்று சொல்லி, அந்த இடத்தின் வெறும் அமைதியைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வார். ரூம் டோன் என்பார்கள். ஒட்டுப் போடுகிற துணி அதுதான்.

"அதை யாராவது உக்காந்து கேப்பாங்களா?"

"வேலையத்தவன்கூடக் கேக்க மாட்டான். ஒட்டுப் போட எடுக்கறவன் காதுல விழுந்தாத்தான் உண்டு."

சொல்லிவிட்டு அவனே நிமிர்ந்தான். டீச்சர் ஏற்கெனவே கணினியில் தேடிக்கொண்டிருந்தார்.

சாட்சியின் பேட்டிக்கு அமைதி இரண்டு தடவை எடுத்திருந்தார்கள். இரண்டாவது நன்றாக இருந்தது, படத்தில் ஓடுவது அதுதான். முதலாவதை 'கெட்டுப்போனது' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். டீச்சர் அதைத் திறந்தார். யாரும் பேசாதீங்க என்கிற சவுண்ட்காரரின் குரல். நாற்காலி லேசாக அசைந்தது. வாயில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றும் ஓசை, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. மின்விசிறியின் முனகல். அப்புறம், மைக்குக்குப் பக்கத்தில், தெளிவாக:

டிக். டக், டக்.

ரேடியோவின் வாயில் எப்போதோ கரைந்துபோன புதினா மிட்டாய் இப்போது கசந்தது.

"சாட்சியைக் கூட்டிட்டு வந்தவரே சாட்சியா?" என்றான் மெதுவாக.

"யாரும் பேசாதீங்கன்னுதானே சொன்னாங்க. அவர் பேசலையே. மிட்டாய்தான் சாப்பிட்டார்."

டீச்சர் மீதியைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. டைரக்டர் படத்துக்குக் கடைசி ஒட்டு போடும்போது தப்பான அமைதியை எடுத்திருக்கிறான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற டப்பாச் சத்தம், அடையாளம் தெரியாதா? வருஷக்கணக்கில் உண்மையை மறைக்கிறார்கள் என்று கூவிய படத்தின் நடுவிலேயே பொய்யை உட்கார வைத்துவிட்டார்கள். மொட்டை மாடியில் பார்த்த நிஜமும் அதோடு சேர்ந்து நாறிவிடும். படத்தை நிறுத்துகிறேன் என்று தயாரிப்பாளரிடமே போய்ச் சொல்லியிருக்கிறான், பைத்தியக்காரப் பிள்ளை. படம் எடுத்தவனையே அரசாங்கம் தூக்கிவிட்டது என்றால் சாயங்காலக் காட்சிக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டுமா?

"ஆளை எங்க டீச்சர் வெச்சிருப்பாரு?"

டீச்சர் கதவைப் பார்த்தார். "நம்மள எங்க வெச்சிருக்கார்?"

"இங்க."

"பட்டப்பகல்ல, பத்துப் பேர் நடமாடற கட்டடத்துல, பூட்டுகூடப் போடாம ரெண்டு பேரை அடைச்சிட்டு ஒருத்தர் நிம்மதியா போறார்னா, அவருக்கு இது முதல் தடவை இல்ல. ஒரு தடவை பண்ணி, யாரும் வந்து திறக்கல. அந்தத் தைரியம். ஏன் யாரும் திறக்கல? அதுதான் எனக்குப் புரியல."

ரேடியோ காய்ந்த டீ கிளாஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டுடியோவில் டீக்காரர் என்று ஒருவர் இருப்பார். எந்த அறை காலியானாலும் கிளாஸ் எடுக்க நுழைந்துவிடுவார், கிளாஸ் குறைந்தால் அவர் தலையில்தான் விடியும். இந்தக் கிளாஸ்களை ஏன் இன்னும் எடுக்கவில்லை? அவருக்கு உள்ளே வர அனுமதி இல்லாத நேரம் ஒன்றே ஒன்றுதான்.

"அவர் போகும்போது மேஜையில எத்தனை பட்டன் அழுத்தினார் டீச்சர்?"

டீச்சருக்கு முகம் மாறியது. "ரெண்டு. ரெண்டும் படத்துக்குன்னு நினைச்சேன்."

மேஜையின் மூலையில் ஒரு பட்டன் சிகப்பாக எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நேரம் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே கதவுக்கு மேல் இருக்கும் லைட்டின் பட்டன் அது. அந்த லைட் எரிகிறவரை டீக்காரர் வர மாட்டார், ரிசப்ஷன் பெண் வர மாட்டாள், கட்டடம் தீப்பிடித்தாலும் கதவைத் தட்டி அனுமதி கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். தாழ்ப்பாள் சும்மா. பூட்டு அந்த லைட்தான்.

ரேடியோ அழுத்தினான். பட்டன் அணைந்தது. இனி காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. தாழ்ப்பாளைத் திறக்க வருவது டீக்காரரா, மிட்டாய்க்காரரா என்பது யாருக்குத் தெரியும்? டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் விரல் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்கும் பயம் வரும் என்பதை ரேடியோ அன்றுதான் பார்த்தான். அவனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"இது மாதிரி லைட் எரியற ரூம் வேற எதையாவது பார்த்தியா?" என்று டீச்சர் கேட்டார். "வரும்போது?"

ரேடியோ வந்த வழியை மனதுக்குள் திருப்பி நடந்தான்.

பார்த்தான். எதிர் அறை. கறுப்புக் காகிதத்தின் கிழிசல். கதவோரமாக ஒரு வாய். எந்த ஸ்டுடியோவில் மைக்கைக் கதவோரமாக வைப்பார்கள்? எந்த நடிகன் கண்ணாடியில் மூக்கு உரச நின்று வசனம் பேசுவான்?

"டீச்சர், நான் அவரைப் பார்த்தேன்" என்றான்.

என்ன என்று அவர் கேட்பதற்குள் கதவு சத்தமில்லாமல் திறந்தது. டீக்காரர் கையில் கம்பித் தட்டோடு நின்றார். லைட் அணைந்திருக்கிறது, தாழும் போட்டிருக்கிறது, ஆளில்லை என்று கிளாஸ் எடுக்க வந்தேன், நீங்கள் எப்படி உள்ளே என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க, ரேடியோ அவர் கைக்கடியில் நுழைந்து வெளியே பாய்ந்தான்.

எதிர் அறையில் சிகப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. கிழிசலில் இப்போது வாய் இல்லை.

தாழ்ப்பாளில் கை வைத்ததும் டீக்காரர் பதறிப்போய்ப் பின்னால் வந்தார். "அண்ணே வேணாம், லைட் எரியுது. டைரக்டர் படத்துக்கு ரெண்டு நாளா கடைசி மிக்ஸிங் ஓடுது, யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு தயாரிப்பாளர் சொல்லியிருக்காரு." ரிசப்ஷன் பெண்ணும் ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தாள். அவர்கள் மேல் தப்பில்லை. ரேடியோவின் கையே ஒரு கணம் தயங்கியது. இத்தனை வருஷத்துப் பழக்கம், அந்தச் சிகப்பைப் பார்த்தால் கை மடங்கிக்கொள்கிறது. அந்த ஒரு கணத்துக்காகத் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு தாழை இழுத்தான்.

உள்ளே இருட்டு. சுவரோரமாகத் தண்ணீர் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. கதவுக்குப் பக்கத்திலேயே தரையில், சுவரில் சாய்ந்தபடி தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா காட்டிய போட்டோவில் இருந்த அதே தாடி. அணைக்க வேண்டிய பட்டன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பூட்டிய அறைக்குள் எரிந்துகொண்டிருந்தது. டைரக்டரின் வலது கை தானாக உதறிக்கொண்டிருந்தது, அதை இடது கையால் பிடித்து வைத்திருந்தார்.

ரேடியோ சட்டைப் பையைத் துழாவினான். மண்டியிட்டு, அட்டையைப் பிய்த்து, மாத்திரையை அவர் வாயில் வைத்து, பாட்டிலைப் பிடித்துக் குடிக்க வைத்தான். பாதித் தண்ணீர் தாடியில் போயிற்று. விழுங்கினார்.

வெளியே டீச்சர் ரிசப்ஷன் பெண்ணிடமிருந்து கைப்பேசிகளை வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் ஆம்புலன்ஸ், அப்புறம் போலீஸ். தயாரிப்பாளர் பூ அலங்காரம் பார்க்க அரங்கத்துக்குப் போய்விட்டாராம். போகட்டும், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரட்டும், படத்துக்கு முன்னால் ஓர் அரை நிமிடம் அமைதி போட்டுக் காட்டலாம் என்று போனில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்காரர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ரெண்டு நாளா இந்தக் கதவு முன்னாலேயே போயிட்டு வந்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

டைரக்டர் கண்ணைத் திறந்து ரேடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதானே," என்றார். தொண்டை கட்டிப்போய்க் குரல் காற்றாக வந்தது. "கதவைத் திறங்கன்னு கத்தினேன். நீங்க நின்னு பார்த்தீங்க. கட்டைவிரலைக் காட்டிட்டுப் போனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிச்சிடுங்க என்றான் ரேடியோ. அது அவனுக்கே கேட்கவில்லை. அந்த அறையின் சுவர்களும் கம்பளிதான்.

டீச்சர் வந்து அவன் கைப்பேசியை நீட்டினார். மருந்துக்கடை அக்கா லைனில் இருந்தார்.

ரேடியோ வாங்கிக் காதில் வைத்தான். நடந்ததெல்லாம் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"அக்கா, மாத்திரை குடுத்துட்டேன்" என்றான்.